இரண்டு இடத்தில் எழுதிய எண்

பெர்னதெத் மேடம் சோதனை எண்ணை எப்போதும் இரண்டு இடத்தில் எழுதுவார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். அதன் மூடியில் ஒருமுறை, உடம்பில் ஒருமுறை. எழுதி முடித்ததும் குழாயைத் திருப்பி, இரண்டும் ஒரே எண்தானா என்று உதட்டை அசைத்துப் படித்துப் பார்ப்பார். பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவசரம் என்று கீழே இருந்து ஆள் மேல் ஆள் வந்தாலும், காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளிலும், அவர் அதை விட்டதில்லை.

"மூடி மாறிப்போயிடும் பாமா. நாலு குழாயை ஒண்ணா திறந்து வச்சா எந்த மூடி எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? உடம்புலயும் எழுதிட்டா தப்பிச்சோம்" என்று ஒருநாள் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் லேப் பீன்யா தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. உணவுப் பொருள்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிற இடம். கீழ்த்தளத்தில் பால் பவுடர், மிளகாய்த்தூள். மாடியில், ஏ.சி. நிற்காமல் ஓடுகிற ஒரு சின்ன அறையில், மீன். அந்த அறையில் நான் அட்டெண்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், மீனை வெட்டிக் கொடுப்பதும், பையில் போட்டு சீல் வைப்பதும் என் வேலை. ஸ்ரீராம்புரத்திலிருந்து முதலில் பஸ்ஸில் போனேன். மெட்ரோ வந்த பிறகு மெட்ரோவில்.

மேடம் கண்டோன்மெண்ட் பக்கம் பிள்ளண்ணா கார்டனில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். அப்பா ஆம்ப்ரோஸ் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து இறந்துபோனவர். மேடம் விலங்கியல் படித்துவிட்டு, வேறு இரண்டு லேப்களில் இருந்து, நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மௌரீன் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பேரும் அப்பா விட்டுப்போன வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பாடுவார். குட்டையான உருவம். ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச் கட்டியிருப்பார், அப்பாவுடையது. மீன் அறைக்குள் வந்ததும் அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார்.

நாள் முழுக்க மீனோடு இருந்தும் மீன் சாப்பிட மாட்டார்.

"பகல் பூரா இதுங்களோட மல்லுக்கட்டிட்டு, வீட்லயும் இதுங்க மூஞ்சிலயா முழிக்கணும்? நமக்கு முட்டை போதும்ப்பா" என்றார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்.

"மூஞ்சி எங்க மேடம் இருக்கு? தலையை வெட்டிட்டுத்தானே அனுப்பறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது. சொன்னவுடன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மேடம் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து ஒருவர் படியேறி வந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் சொன்னது உண்மைதான். எங்களிடம் வருகிற மீன் எல்லாம் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன். சால்மன், டிரவுட், காட், ஹேலிபட். வெளிநாட்டிலிருந்து ஐஸில் வருவதுதான் அதிகம். மலைப் பண்ணைகளிலிருந்து வருவது கொஞ்சம். தலையும் தோலும் செதிலும் போய், வெறும் சதைத் துண்டாக வரும். விலை அதிகமான மீனின் பெயரில் விலை குறைந்த மீனை விற்கிறவர்கள் உண்டு. சால்மனும் டிரவுட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஆரஞ்சு நிறம். கண்ணால் பார்த்துச் சொல்ல மேடத்தாலும் முடியாது. அவரே அதைச் சொல்லுவார்.

அதற்குத்தான் சோதனை. கடலை அளவு சதையை எடுத்து, ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, மெஷினில் சுற்றவிட்டால் சக்கை அடியில் போய்விடும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரில் அந்த மீனின் புரதம் கரைந்திருக்கும். ஜெல்லி மாதிரி மெல்லிய தகடு ஒன்றில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்துக் கரண்ட் கொடுப்பார் மேடம். புரதங்கள் நகர்ந்துபோய் ஒவ்வொன்றும் அதற்கான இடத்தில் நின்றுவிடும். மறுநாள் நீலச் சாயம் ஏற்றிக் கழுவினால், சேலைக் கரை மாதிரி வரிசையாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு வகை மீனுக்கும் கோடுகளின் வரிசை வேறு. சால்மனும் டிரவுட்டும் உறவு மீன்கள் என்பதால் பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும். சில கோடுகள் மட்டும் இடம் தள்ளி நிற்கும். அதனால் தகட்டின் இரண்டு ஓரத்திலும் தெரிந்த மீனை வைப்பார். இது சால்மன், இது டிரவுட் என்று உறுதியாகத் தெரிந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிற மீன்கள் அவை. நடுவில் வந்த மீன். ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுவார்.

ஈரத் தகட்டை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுவார். அப்போது அறையில் யாரும் பேசக் கூடாது. எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை.

வருகிற மீனை நான் மூன்றாக வெட்டுவேன். ஒன்று சோதனைக்கு. ஒன்று ரிசர்வ், பையில் போட்டு, சூட்டில் சீல் வைத்து, மேடம் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, ஆறு மாதம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். பின்னால் யாராவது தகராறு செய்தால் எல்லார் முன்னாலும் அதைத் திறந்து மறுபடி சோதிப்பதற்கு. மீதி உள்ளதை மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும்.

அந்த மஞ்சள் பைத் துண்டுகளைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன்.

பசி என்று சொன்னால் பொய். என் வீட்டுக்காரர் உத்தமன் மாநகராட்சி வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியும் அயிலையும் வாங்குகிற வீடுதான் எங்கள் வீடு. ஆனால் எங்கள் சந்தில் என்னை யாருக்கும் தெரியாது. குழாயடியில் எனக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டுப் போனாலும் வாய் திறக்காதவள். முதல்முறை சால்மன் வறுத்தபோது வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஷோபா வந்தாள். "இன்னாக்கா மீனு இது, வெண்ணெய் மாதிரி இருக்கு?" என்றாள். வெளிநாட்டு மீன் என்றேன். அடுத்த வாரத்திலிருந்து சந்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஃபாரின் மீன்காரம்மா. குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போது கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

மேடத்துக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒருமுறை மஞ்சள் பையைத் தூக்கிப் பார்த்து, "இன்னைக்கு ரொம்ப டயட்டில இருக்கே இது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

2022 பிப்ரவரியில் என் மகள் தாரணியைப் பெண் கேட்டு வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை அருண்குமார், ஏ.சி. ரிப்பேர் வேலை. அவர் அம்மா அன்னம்மாள் மீன் பிரியர் என்று தரகர் சொல்லிவிட்டார். உடனே உத்தமன், "மீனா? எங்க வீட்ல வெளிநாட்டு சால்மன்தான். பாமா செஞ்சா விரலைக்கூட விடமாட்டீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஏழு பேர்.

அந்த வாரம் பார்த்து மீன் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். மேடம் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார். நான் ஃப்ரீசரைத் திறந்தேன்.

மேல் தட்டில் ஒரு ரிசர்வ் பை. முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும், நல்ல தடித்த சால்மன். வைட்ஃபீல்டில் ஒரு ஹோட்டலுக்கு மீன் கொடுக்கிற கம்பெனி அனுப்பியது. முந்தின வாரமே சோதனை முடிந்து, சால்மன்தான் என்று அறிக்கையும் போய்விட்டது. நான் இருந்த பத்து வருஷத்தில் எந்த ரிசர்வ் பையையும் யாரும் திறந்ததில்லை. ஆறு மாதம் கிடந்து எரியப்போகிற மீன்தானே என்று நினைத்தேன்.

வெறும் பையை வைக்க முடியாது. கீழ்த் தட்டில் தெரிந்த மீனாக வைத்திருந்த பழைய டிரவுட் இருந்தது. புதுசு வந்துவிட்டதால் திங்கட்கிழமை மஞ்சள் பைக்குப் போகவேண்டியது. இரண்டு வருஷம் ஐஸில் கிடந்து ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்திருந்தது. சம்பந்தி வீட்டுக்கு அதைப் பரிமாற முடியாது. ஓரத்தைச் சீவி எடுத்தேன். அளவுக்கு வெட்டிப் புதுப் பையில் போட்டேன். பழைய பையிலிருந்து ஸ்டிக்கரை உரித்தேன். ஐஸ் படிந்த பையில் பசை சரியாகப் பிடிக்காது, முழுசாக வந்துவிடும். தினமும் ஒட்டுகிறவளுக்கு அது தெரியும். மேடத்தின் கையெழுத்து கிழியாமல் வந்தது. புதுப் பையில் ஒட்டினேன். சீல் வைக்கிற மெஷின் என் பொறுப்பு. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்னம்மாள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டார்கள். மே மாதம் கல்யாணம் நடந்தது.

ஜூன் மாதம் ஹோட்டல்காரர்கள் தகராறுக்கு வந்தார்கள். வருகிற மீன் சால்மன் மாதிரி இல்லை, ரிசர்வைத் திறந்து மறுபடி சோதித்துக் காட்டுங்கள் என்றார்கள். மீன் கம்பெனியிலிருந்து நரைத்த மீசையோடு ஒருவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "நாங்க கொடுத்தது சால்மன்தாங்க. தாராளமா திறந்து பாருங்க" என்றார்.

எங்கள் மேனேஜர் ஸ்ரீஹர்ஷா சார் என்னைக் கூப்பிட்டு, "பாமா, ஆ ரிசர்வ், அந்தப் பையை எடுத்துட்டு வா" என்றார். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

பையை என் கையால் எடுத்துப் போனேன். கை மரத்துப்போயிருந்தது. ஐஸால் என்று நினைத்திருப்பார்கள். சார் சீலைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், எல்லாருக்கும் காட்டினார். "சரியாகிதெ. எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றார். இரண்டு தரப்பும் சரி என்று கையெழுத்துப் போட்டன.

மேடம் எல்லார் கண் முன்னாலும் வெட்டினார். கத்தியை வைத்ததும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு வெட்டினார். குழாயின் மூடியில் எண் எழுதினார், உடம்பில் எழுதினார், திருப்பிப் படித்தார்.

மறுநாள் காலை அவர்களே மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் தகட்டைக் கழுவி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். நினைத்திருந்தால் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "டிரவுட்" என்றார்.

மீசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எப்படி மேடம்? நீங்கதானே சால்மன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நான்தான் எழுதினேன்" என்றார் மேடம்.

அவர்கள் போன பிறகு சாரின் அறையில் பழைய தகட்டின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதில் வந்த மீனின் கோடுகள் சால்மனாகவே இருந்தன. ஓரத்தில் வைத்த தெரிந்த சால்மனைப் போலவே இருந்தன. பையின் சீலில் குறையில்லை. அப்படியானால் ஒரே வழிதான். வந்த மீனை வைக்கவேண்டிய இடத்தில் மேடம் தெரிந்த சால்மனையே இன்னொருமுறை வைத்திருக்க வேண்டும். அதைச் சார் சொல்லவில்லை. மேடமே சொன்னார். டைரியைப் புரட்டி, "அன்னைக்குக் காலைல கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கேன் சார். மருந்து விட்டிருந்தாங்க. எல்லாம் மங்கலாத்தான் இருந்தது. அந்தக் கண்ணோட நான் வேலை செஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். டீ கொடுக்க வந்தவள் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பாமா, நீதானே பக்கத்துல நின்ன? சும்மா எனக்காகச் சொல்லாத. என் கை தடுமாறுச்சா?"

"ஹேளு பாமா. பயப்படாதே, சொல்லு" என்றார் சார்.

தடுமாறவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கண்ணில் நீர் வடிந்ததால் அவர் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை படித்தார். சொல்ல வேண்டியது அதுதான். அதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம்: ஃப்ரீசரைத் திறந்தது நான். தாரணிக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"மேடம் கண்ணைக் கசக்கிட்டே இருந்தாங்க சார்" என்றேன்.

பொய் இல்லை. கசக்கினார்தான்.

மேடம் தலையாட்டினார். "தேங்க்ஸ் பாமா. உள்ளதைச் சொன்னியே" என்றார். என் தட்டிலிருந்து டீயை அவரே எடுத்துக்கொண்டார்.

அறிக்கையைத் தவறு என்று ரத்து செய்தார்கள். மீசைக்காரரின் கம்பெனிக்கு அந்த ஹோட்டல் வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. மேடத்தைக் கீழ்த்தளத்தில் ஃபைல் அடுக்குகிற மேசைக்கு மாற்றினார்கள். யாரும் திட்டவில்லை. பத்து வருஷத்து மரியாதை இருந்தது. ஆனால் அவர் பழைய தகட்டுப் படங்களை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தார், இன்னும் எதில் எல்லாம் தவறு செய்திருக்கிறேன் என்று. தவறு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவருக்கு நிம்மதி தரவில்லை. ஆகஸ்டில் வேலையை விட்டார். கேக் வெட்டினார்கள். வாட்சைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது, "உன் பொண்ணுக்குக் குழந்தை பிறந்தா சொல்லு, வர்றேன்" என்றார்.

அதன்பிறகு நான் மீன் எடுத்துப் போகவில்லை. சந்தில் கேட்டார்கள், லேபில் இப்போது அந்த மீன் வருவதில்லை என்றேன். குழாயடியில் பழையபடி கடைசியில் நின்றேன்.

தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைச் சொல்லும் சாக்கில் போன வருஷம் ஜனவரியில் பிள்ளண்ணா கார்டனுக்குப் போனேன். கதவைத் திறந்தது மௌரீன். மேடம் சமையலறையில் இருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிகூடப் போடவில்லை.

"பாட்டியாயிட்டியா? உக்காரு, உப்புமா கிண்டறேன். நீ சைவமா இப்போ, அசைவமா?" என்று சிரித்தார்.

அலமாரியைப் பார்த்தேன். சர்க்கரை, உப்பு, ரவை, மைதா. ஒவ்வொரு டப்பாவிலும் மூடியில் ஒரு தாள், உடம்பில் ஒரு தாள். உப்பு டப்பாவை எடுத்தார். இரண்டையும் உதட்டை அசைத்துப் படித்தார். ஸ்பூனில் எடுத்தார். அப்புறம் நிறுத்தி, "மௌரி, இது உப்புதானே? கொஞ்சம் வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

மௌரீன் கூடத்திலிருந்து எழுந்து வந்து ஸ்பூனைப் பார்த்துவிட்டு, "உப்புதான்க்கா" என்றார். தினமும் நடக்கிற விஷயம் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பழைய டிரவுட்டிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கரை உரித்ததைச் சொன்னேன். சீல் மெஷினைச் சொன்னேன். மேடம் அடுப்பை அணைத்தார். முழுதும் கேட்டார்.

முடித்ததும் கேட்டார், "குழம்பா, வறுவலா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த மீனை என்ன பண்ண? குழம்பு வச்சியா, வறுத்தியா?"

"வறுத்தேன் மேடம்."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

ஸ்பூனிலிருந்த உப்பை டப்பாவில் திரும்பக் கொட்டி மூடினார்.

"வெட்டும்போதே கத்திக்கு வித்தியாசமா இருந்துச்சு. சதை வேற மாதிரி போச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஆனா சீல் உன்னோடது. நீ வச்ச சீலைச் சந்தேகப்படறதுக்கு என் கையைச் சந்தேகப்படலாம்னு விட்டுட்டேன்."

"மேடம்..."

"அன்னைக்கு நான் உனக்குத் தேங்க்ஸ் சொன்னேன்டி."

அதுவரை அவர் என்னை டி போட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அது செல்லத்துக்கும் சொல்வது, கோபத்துக்கும் சொல்வது. இது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நான் அழுதேன். "இங்க அழாத. இங்க அழுது எனக்கு என்ன ஆகப்போவுது? எந்திரு. போய் ஹர்ஷாகிட்ட சொல்லு" என்றார். மௌரீன் கதவைத் திறந்துவிட்டார். உப்புமா வாணலியில் ரவை பாதி வறுபட்டபடி இருந்தது.

அன்று சாயந்திரமே எழுதினேன். என் மகளின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து, தமிழில், இரண்டு பக்கம். தாளின் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் அந்த அறிக்கையின் எண்ணை எழுதினேன். மறக்க முடியாத எண் அது.

மறுநாள் ஸ்ரீஹர்ஷா சார் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழு ஓதக்கு பரல்ல பாமா. எனக்குப் படிக்க வராது. நீயே படி" என்றார். படித்தேன். நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள், கதவு திறந்திருக்கிற அறையில், என் கையெழுத்தில் உள்ளதை உரக்கப் படித்தேன். வெளியே கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

முடித்ததும் சார் எதிரில் இருந்த சேரைக் காட்டினார். "பெர்னதெத் மேடம் வேலையை விடற வரைக்கும் தினமும் இந்த சேர்ல உட்கார்ந்து ஸாரி சொல்லுவாங்க. கொத்தா நினகே? தெரியுமா உனக்கு?" என்றார்.

தெரியாது என்றேன். என்னை அன்றே நிறுத்திவிட்டார்கள். அது சரிதான்.

சார் ஹோட்டலுக்கும் மீன் கம்பெனிக்கும் கடிதம் எழுதினார். முதல் அறிக்கைதான் சரி, ரிசர்வ் மீன் எங்கள் ஊழியரால் மாற்றப்பட்டது என்று அதில் இருந்தது. ஹோட்டல்காரர்கள் அதற்குள் வேறு ஆளிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்; மாறவில்லை. மீசைக்காரர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சார் மேடத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொன்னாராம். மேடம் அவருக்குக் காபி கொடுத்து, வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதைச் சொன்னது மௌரீன். மார்க்கெட்டில் ஒருமுறை பார்த்தேன். நிற்காமல் போகவில்லை, நின்று பேசினார். "இப்பவும் உப்புக்கு என்னைக் கூப்பிடறா. பழகிப்போச்சு போல" என்றார்.

இப்போது நான் ராஜாஜிநகரில் ஒரு மாணவிகள் விடுதியில் பாத்திரம் கழுவுகிறேன். உத்தமனிடம் சொல்லிவிட்டேன், அதன்பிறகு அவர் வீட்டில் மீன் பேச்சு எடுப்பதில்லை. தாரணிக்கும் அவள் வீட்டாருக்கும் இன்னும் தெரியாது. பேத்தியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அன்னம்மாள், "சம்பந்தி, அன்னைக்கு ஒரு மீன் போட்டீங்க பாருங்க, அந்த ருசி இன்னும் நாக்குலயே இருக்கு" என்கிறார். நான் சிரித்து வைக்கிறேன்.

பெர்னதெத் மேடம் அந்த லேபில் கொடுத்த மீன் அறிக்கைகளில் ஒன்றுகூடத் தவறில்லை. அது இப்போது ஃபைலில் எழுதியிருக்கிறது. அவர் வேலைக்குத் திரும்பவில்லை. நான் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.